கலந்தால் குப்பை, பிரித்தால் பொருள்

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் வாக்கு. மூன்றாம் வகுப்பில் இதைக் கையெழுத்து நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். சிவப்பு மையில் 'நன்று' என்றும் வாங்கியிருக்கிறோம். ஆனால் நாம் சுத்தமாக இருப்பதற்காக இன்னொருவர் இரத்தம் சிந்த நேர்கிறது என்பதைப் பத்தாம் வகுப்புக்கு வந்த பின்னர்தான் கண்ணால் கண்டு அறிந்தோம். அந்த நிகழ்ச்சியையும், அதிலிருந்து எங்கள் உள்ளத்தில் எழுந்த சில கருத்துகளையும் இம்மலரின் வாயிலாகத் தங்கள் முன் வைக்கிறோம். சிறியோர் சொல்லில் பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

பள்ளி ஆண்டு விழா முடிந்த மறுநாள் காலை. மேடையையும் திடலையும் கூட்டிச் சுத்தம் செய்யும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குத் தரப்பட்டது. விரைவில் முடித்தால் விரைவில் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணத்தில், கையில் கிடைத்ததையெல்லாம் பெரிய கறுப்புப் பை ஒன்றில் திணித்தோம். எலுமிச்சைச் சாதம் ஒட்டிய தட்டுகள், ஜிகினாத் தாள், வாடிய மாலைகள், காலித் தண்ணீர் பாட்டில்கள், நாடகத்தின் நடுவே விழுந்து உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிய அனைத்தும் அந்த ஒரே பையில் அடக்கம். பையின் வாயை இறுகக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, எங்கள் கைகளை மட்டும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் கொண்டோம்.

எங்கள் தெருக்களுக்குக் குப்பை வண்டி தள்ளி வரும் அக்கா அந்தப் பையை எடுத்தார். தண்ணீர் பாட்டில்களைத் தனியே எடுப்பதற்காக உள்ளே கையை விட்டார். கண்ணாடித் துண்டு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சில நாட்கள் அவர் வேலைக்கு வரவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்து கொள்ளவும் நாங்கள் முயலவில்லை. பின்னர் அவர் கையில் கட்டோடு வந்தபோதுதான், வாயில் காவலர் ஐயா எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் தலை குனிந்து அவரிடம் போய் நின்றோம்.

"பரவாயில்லை பாப்பா. கண்ணாடி இருந்தா காகிதத்துல சுத்தித் தனியாக் குடுங்க. எங்களுக்குக் கைதானே பொழப்பு" என்றார் அவர்.

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து குப்பையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். வீட்டில் கேட்டோம், ஆசிரியைகளிடம் கேட்டோம், நூலகத்தில் தேடிப் படித்தோம்.

எங்கள் கருத்து இதுதான். வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நமது கடமை. பிரித்ததைக் கலக்காமல் கடைசி வரை கொண்டு செல்வது ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ள நிர்வாகத்தின் கடமை. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் மற்றது வீணாகும்.

குப்பை எங்கே போகிறது?

வாசலை விட்டுப் போய்விட்டால் குப்பை ஒழிந்தது என்று நினைக்கிறோம். அது ஒழிவதில்லை; இன்னொருவர் வாசலுக்குப் போகிறது. சென்னை மாநகரில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. பல்லாண்டுகளாக அது வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் கொட்டப்பட்டு மலையாக வளர்ந்தது. பெருங்குடிக் குப்பை மேட்டை ஒட்டி இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் அந்த இடத்துக்கு 2022-ஆம் ஆண்டில் ராம்சார் தகுதி கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பற்றி எரிந்து சுற்று வட்டாரத்தைப் புகையில் மூழ்கடித்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கிலும் இவ்வாறே தீ மூண்டது.

குப்பை மேடு ஏன் எரிகிறது? எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார். காய்கறித் தோலும் சோறும் காற்றுப் படும்படி இருந்தால் மக்கி நல்ல உரமாகும். அவையே பிளாஸ்டிக் பைக்குள் அடைபட்டு, மேலும் மேலும் குப்பை விழுந்து அமுங்கினால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் என்னும் எரிவாயுவை உண்டாக்கும். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். தீப்பிடிக்காவிட்டாலும் தீமை உண்டு. புவி வெப்பத்தைக் கூட்டுவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வலிமை உடையது. அழுகிய குப்பையிலிருந்து வடியும் கறுப்பு நீரோ நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஆக, நம் சமையற்கட்டின் வாழைப்பழத் தோல் தன்னளவில் குற்றமற்றது. அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்த நாம்தான் அதனைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

பிரித்தால் என்ன பயன்?

எங்கள் வகுப்பில் ஒரு வாரம் அவரவர் வீட்டுக் குப்பையைக் கவனித்து எழுதி வந்தோம். பெரும்பாலான வீடுகளில் பாதிக்கு மேல் சமையற்கட்டுக் கழிவே. அது தொட்டியிலோ குழியிலோ இரண்டு மாத அளவில் உரமாகிவிடும். அடுத்து வருவது காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில், டப்பா முதலியவை. இவற்றைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்தே வாங்கிக் கொள்கிறார். மீதமுள்ளது மிகவும் கொஞ்சம்.

ஆனால் அதே காகிதத்தின் மேல் சாம்பாரைக் கொட்டிப் பாருங்கள். காகிதமும் விலை போகாது. காகிதத் துண்டும் கவரும் கலந்த சாம்பார்க் காயும் நல்ல உரமாகாது. இரண்டு பயனுள்ள பொருள்களைச் சேர்த்து ஒரு பயனற்ற பொருளைச் செய்துவிட்டோம்! பால் கவரைக் கழுவிக் காய வைத்து, சுவரில் கம்பி மாட்டிச் சேர்த்து வைத்த நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விலை போகாத மெல்லிய பிளாஸ்டிக்குக்குக்கூட வழி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் அவர்கள், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருகச் செய்து, தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டறிந்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிஸ்கட் உறை போன்றவை சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகவும் பயன்படுகின்றன. ஆனால் சாலைக்கானாலும் ஆலைக்கானாலும், சேறும் சோறும் கலந்த பிளாஸ்டிக் உதவாது. எப்படிச் சுற்றி வந்தாலும் நம் வீட்டுக் குப்பைக் கூடைக்கே வந்து நிற்கிறோம்.

சட்டம் இருக்கிறது

குப்பையைப் பிரிக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2026-ஆம் ஆண்டு விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரக் கழிவு ஒன்று; உலர் கழிவு இரண்டு; நாப்கின், டயப்பர் போன்றவை மூன்று; பெயின்ட் டப்பா, பல்பு, பழைய மருந்து போன்ற தனிக் கவனம் வேண்டுபவை நான்கு. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆகவே சட்டத்துக்கும் திட்டத்துக்கும் குறைவில்லை.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? எங்கள் அம்மாக்களைக் கேட்டோம். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நாங்களும் கொஞ்ச நாள் பிரித்துத்தான் வைத்தோம். வண்டியில் இரண்டையும் ஒன்றாகவே கொட்டினார்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு?" என்றார்கள்.

இந்தப் பதிலை நாங்கள் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. விடியற்காலையில் எழுந்து, சமைத்து, எங்களை அனுப்பிவிட்டு, தாமும் வேலைக்கு ஓடும் தாய்மார் இரண்டு கூடை வைத்துப் பிரிப்பது சிறிய காரியம் அன்று. அந்த உழைப்பைக் கண் முன்னே ஒன்றாகக் கொட்டினால் மனம் வெறுத்துத்தானே போகும்? வண்டி தள்ளுகிறவரையும் குறை சொல்ல முடியவில்லை. வண்டியில் இருப்பது ஒரே தொட்டி. முடிக்க வேண்டிய வீடுகளோ நூற்றுக்கணக்கில். பாதி வீட்டார் கலந்தும் பாதி வீட்டார் பிரித்தும் கொடுத்தால் அவர்தாம் என்ன செய்வார்?

மாநிலம் முழுவதற்கும் எங்கள் வேண்டுகோள்

சென்னைக்கு மட்டும் ஒரு வழி கண்டால் போதாது. நம் மாநிலத்தில் மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளோடு 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. கிராமங்களிலும் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். கிராமக் கடைகளிலும் பிஸ்கட் உறையும் ஷாம்புப் பாக்கெட்டும் தொங்குகின்றன. ஆகவே எல்லா ஊர்களுக்கும் பொருந்தக் கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவதாக, எல்லாக் குப்பை வண்டிகளிலும் தனித்தனித் தடுப்புகள் வேண்டும். அதற்கு வசதியில்லாத சிற்றூர்களில், ஈரக் குப்பையைத் தினமும், உலர் குப்பையை வாரத்தில் குறித்த ஒரு நாளிலும் வாங்கலாம். பால்காரர் வரும் நேரம் தெரிந்திருப்பதால்தான் அம்மா பாத்திரத்தோடு காத்திருக்கிறார். குப்பை வண்டி வரும் நாளும் நேரமும் அவ்வாறே தெரிந்திருந்தால், தெருமுனையில் யாரும் பையை வீசிவிட்டு ஓட மாட்டார்கள்.

இரண்டாவதாக, ஈரக் குப்பையை அந்தந்த வார்டிலேயே உரமாக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட எடை அங்கேயே குறைந்துவிட்டால் லாரிக்கும் டீசலுக்கும் ஆகும் செலவு குறையும். குப்பை மேடும் வளராது.

மூன்றாவதாக, குப்பையில் கை வைப்போருக்குக் கையுறை, காலணி, மருத்துவ உதவி, உரிய ஊதியம் ஆகியவை தவறாமல் கிடைக்க வேண்டும். காயம்பட்டு வர முடியாத நாளுக்கும் கூலி உண்டு என்ற நிலை வேண்டும். தெருக்களில் காகிதம் பொறுக்குவோரையும் இந்த வேலையில் முறைப்படி சேர்த்துக் கொள்ளலாம். 1989-இல் சென்னையில் எம். பி. நிர்மல் அவர்கள் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் இத்தகையோருக்கு 'தெருவை அழகுபடுத்துவோர்' என்று பெயரிட்டு, மிதிவண்டியும் மாதச் சம்பளமும் கிடைக்க வழி செய்தது. பெயரை மாற்றியது சிறிய செயல்தான். ஆனால் மதிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நான்காவதாக, ஒருமுறை, இருமுறை அன்போடு சொல்லியும் கலந்தே கொடுக்கும் வீட்டாரிடமும் கடையினரிடமும் குப்பையை வாங்க மறுக்கும் உரிமை தூய்மைப் பணியாளருக்கு வேண்டும். கேட்காதவர்க்கு அபராதமும் வேண்டும். இதைப் படித்துப் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். வகுப்பில் வீட்டுப் பாடம் செய்யாமல் வந்தால் நாங்கள் வெளியே நிற்கவில்லையா?

நடக்கக் கூடியதுதான்

இவை சிறுமியரின் கனவு என்று ஒதுக்க வேண்டாம். அண்டை மாநிலமான கேரளத்தில் 'ஹரித கர்ம சேனை' என்ற பெயரில் குடும்பஸ்ரீ மகளிர் வீடு வீடாகச் சென்று, கழுவிக் காய வைத்த பிளாஸ்டிக்கை வாங்கி வருகிறார்கள். வீட்டார் மாதந்தோறும் அதற்கு ஒரு சிறு கட்டணம் தருகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரம், வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்கும் முறையால் 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் நாட்டின் தூய்மையான நகரம் என்று பெயர் பெற்றது. அங்கே 2022-இல் தொடங்கப்பட்ட ஆலை ஒன்று, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் அளவு பெரியது. ஈரக் குப்பை கலப்பின்றி வருவதால் அல்லவா அது முடிகிறது?

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மதுப் புட்டிகள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022-இல் அம்மாவட்டத்தில் ஒரு புதிய முறை வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. மது அருந்துவதை நாங்கள் ஆதரிப்பவர்கள் அல்லர்! ஆனால் குடித்தவருக்கே புட்டியைத் திருப்பித் தரும் நிதானத்தைப் பத்து ரூபாய் தந்ததென்றால், குளிர்பானப் பாட்டிலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இம்முறை ஏன் கூடாது? கோலி சோடா காலத்தில் பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தானே வருவார்கள் என்று எங்கள் தாத்தா ஒருவர் சொன்னார்.

கூச்சத்தை விட்டுச் சொல்லும் ஒன்று

இதனை எழுதலாமா என்று எங்களுக்குள் நெடுநேரம் விவாதித்தோம். எழுதும்படி ஊக்கம் தந்தவர் எங்கள் வகுப்பு சிஸ்டர்தான். மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தும் நாப்கினைச் சிலர் அப்படியே குப்பைக் கூடையில் போடுகிறோம். சிலர் கழிவறையில் போட்டுக் குழாயை அடைக்கிறோம். அதனைக் கையால் எடுப்பவரும் நம்மைப் போன்ற ஒரு பெண்தான். இனி அதைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் தனியே கொடுப்போம். புள்ளியைக் கண்டதும் உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்துவிடும். பிரித்துப் பார்க்க மாட்டார். நம் கூச்சத்தைக் காப்பதற்காக இன்னொரு பெண்ணின் மானத்தையும் நலத்தையும் பணயம் வைக்கலாமா, தோழியரே?

நாங்கள் தொடங்கியது

பிறருக்குச் சொல்லுமுன் நாம் செய்ய வேண்டுமன்றோ? எங்கள் வகுப்பறை வாசலில் இப்போது பச்சைக் கூடை ஒன்றும் நீலக் கூடை ஒன்றும் இருக்கின்றன. மதிய உணவுக் கழிவு பச்சைக் கூடை வழியாகத் தோட்டத்துக் குழிக்குப் போகிறது. முதல் வாரம் நாற்றம் வந்து எட்டாம் வகுப்பினர் மூக்கைப் பிடித்துக் கொண்டு எங்களைக் கேலி செய்தார்கள். உலர்ந்த இலைச் சருகை அவ்வப்போது மேலே தூவ வேண்டும் என்று தோட்டக்கார ஐயா சொல்லித் தந்தார். நாற்றம் நின்றது, கேலியும் நின்றது. காகிதத்தையும் அட்டையையும் பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்து வந்த பணத்தில் முதன்முதலாக வாங்கியது ஒரு ஜோடி கனமான ரப்பர்க் கையுறை. அது யாருக்கென்று தாங்களே ஊகித்திருப்பீர்கள்.

எங்கள் வீடுகளில் முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். சில வீடுகளில் அம்மா ஒப்புக்கொண்டார். அப்பா மறந்து மறந்து கலக்கிறார். சில தெருக்களில் வண்டியில் இன்னும் ஒன்றாகவே கொட்டுகிறார்கள். ஆயினும் நாங்கள் பிரிப்பதை நிறுத்தவில்லை. வண்டியில் பிறகு கலந்தாலும், கண்ணாடியைத் தனியே சுற்றிக் கொடுத்தால் எடுப்பவர் கை கிழியாது. அந்த ஒரு பயனாவது அன்றே கிடைத்துவிடுகிறது.

ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பகிர்ந்தளித்த ஆண்டவர், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடலில், குப்பையைப் பிரிப்பதையும் அன்றாட நற்செயல்களுள் ஒன்றாகவே குறிப்பிட்டிருக்கிறார். எம்மதத்தவர் ஆயினும், மிச்சத்தை வீணாக்காதே என்பதை எந்த வீட்டுப் பெரியவர்தாம் சொல்லவில்லை?

பெற்றோரே! இன்று இரவு சமையற்கட்டில் இரண்டாவது கூடை ஒன்றை வையுங்கள். வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வார்டு உறுப்பினரிடம் போய்க் கேளுங்கள். தெருவாக, சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். ஒரு வீடு கேட்டால் முறையீடு. ஒரு தெருவே கேட்டால் அது திட்டமாகும்.

தங்கைமாரே! நாங்கள் பொதுத் தேர்வு எழுதிவிட்டு இந்த வகுப்பறையை விட்டுப் போகப் போகிறோம். பச்சைக் கூடையும் நீலக் கூடையும் வாசலிலேயே இருக்கும். தோட்டத்துக் குழியில் உரம் பாதி முடிந்திருக்கிறது. சருகு தூவ மறவாதீர்கள். காலையில் வண்டியோடு வரும் அக்காவுக்கு வணக்கம் சொல்லவும் மறவாதீர்கள்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்,
ஒரு மாணவி